டெமோவை ஓட்டிப் பார்க்க, நாலு பேருக்கு ஓட்டிக் காட்ட

பனி மூடிய மலைத்தொடர். கேமரா பள்ளத்தாக்கில் இறங்கி, ஏரியை ஒட்டித் தாழப் பறந்து, மறுபடியும் சிகரத்துக்கு ஏறுகிறது. கூடவே இசை. மொத்தம் சுமார் மூன்றரை நிமிடம். இது ஒரு டெமோ, அதாவது ரசிப்பதற்காகவே எழுதிய கணினி நிரல். பெயர் 'எலிவேட்டட்'. ஆர்ஜிபிஏ, டிபிசி என்ற இரண்டு குழுக்கள் சேர்ந்து செய்தது. 2009-ல் ஜெர்மனியின் பிங்கன் நகரில், டெமோ செய்பவர்கள் கூடிப் போட்டி போடும் பிரேக்பாயின்ட் பார்ட்டியில் 4கே பிரிவில் முதலிடம். இங்கே 4கே என்பது கோப்பின் அளவு. மலை, ஏரி, வெயில், கேமரா அசைவு, இசை, இத்தனையும் 4096 பைட்டுக்குள்.

இதை யூடியூபில் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1080பி தெளிவில், விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் வீடியோவை ஏற்ற யூடியூப் பரிந்துரைக்கும் அளவு விநாடிக்கு 12 மெகாபிட். மூன்றரை நிமிடத்துக்கு அது ஏறக்குறைய 315 எம்பி. மூலக் கோப்பைப் போல எழுபத்தாறாயிரம் மடங்குக்கு மேல். அவ்வளவு இடம் கொடுத்தும் மலைச்சரிவில் இருக்கும் பனியின் பொடித்துகள் வீடியோவில் குழம்பிப் போகிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாப் புள்ளியும் மாறிக்கொண்டே இருக்கும் படத்தை வீடியோ சுருக்கம் தாங்காது. முந்தைய ஃபிரேமிலிருந்து எதுவும் மாறாத பகுதியை மிச்சம் பிடிப்பதுதான் அதன் பிழைப்பே.

டெமோ என்பது நிரல். நீங்கள் எக்ஸ்இ கோப்பைச் சொடுக்கும் அந்த நேரத்தில் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டுத் திரையில் போடுகிறது. எலிவேட்டட்டுக்குள் படமும் இல்லை, பதிவு செய்த பாட்டும் இல்லை. ஆகவே என் கட்சி இதுதான்: வீடியோ இணைப்பு அனுப்புவது தப்பில்லை, ஆனால் ஒரு தடவையாவது சொந்த மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அதற்கு வேண்டிய வேலைகளும், வழியில் வரும் தொல்லைகளும்தான் இந்தக் கட்டுரை.

வரலாறு இரண்டு வரியில். 1980-களில் கமோடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்கு வந்த விளையாட்டுகளின் பூட்டை உடைத்து விநியோகித்த பையன்கள், விளையாட்டு தொடங்கும் முன் தங்கள் குழுவின் பெயர் ஓடும் சின்ன அறிமுகத் திரை ஒன்றைச் சேர்த்தார்கள். பிறகு விளையாட்டை விட்டுவிட்டு அந்தத் திரைக்காகவே போட்டி போட ஆரம்பித்தார்கள். பின்லாந்து, ஜெர்மனி, நார்வே, டென்மார்க், போலந்து, ஹங்கேரி என்று பரவியது. 2020-ல் பின்லாந்தும், 2021-ல் ஜெர்மனியும் போலந்தும், 2023-ல் நெதர்லாந்தும் இதைத் தங்கள் நாட்டு மரபுக்கலைப் பட்டியலில் சேர்த்தன. திருட்டு விளையாட்டில் தொடங்கிய கலைக்கு அரசாங்க முத்திரை. அது அவர்களுக்கே கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

4096 பைட்டில் மலை எப்படி நிற்கிறது?

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ரசனை இரட்டிப்பாகும். எலிவேட்டட்டின் மலை 'நாய்ஸ்' என்ற ஒரே கணக்கிலிருந்து வருகிறது. தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு மூலைக்கும் தாறுமாறான ஓர் எண்ணை உயரமாகக் கொடுங்கள். மூலைகளுக்கு நடுவே வழவழப்பாக நிரப்புங்கள். இது முதல் அடுக்கு. பெரிய மேடு பள்ளம் கிடைக்கும். அடுத்த அடுக்கில் கட்டத்தின் அளவும் பாதி, உயரமும் பாதி. அதை முதல் அடுக்கோடு கூட்டுங்கள். அதற்கடுத்தது அதிலும் பாதி. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் பாறையின் சொரசொரப்பு வரை வந்துவிடும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் கிடைப்பது மலை மாதிரி இருக்காது. எங்கே பார்த்தாலும் ஒரே அளவு கரடுமுரடு, கசக்கிப் போட்ட காகிதம்போல. எலிவேட்டட்டின் காட்சிக் கணக்கை எழுதிய இனிகோ கீலெஸ் இங்கே செய்தது சின்ன வேலை. ஒவ்வோர் அடுக்கிலும் உயரத்தோடு சேர்த்துச் சரிவையும் கணக்கிட்டு, சரிவுகளைக் கூட்டிக்கொண்டே வருகிறார். ஓர் இடத்தில் இதுவரை சேர்ந்த சரிவு அதிகமாக இருந்தால், அடுத்த அடுக்கு அங்கே சேர்க்கும் உயரத்தை அதற்கேற்ப வெட்டிவிடுகிறார். கூடுதலாக ஒரே ஒரு வகுத்தல், அவ்வளவுதான். உடனே சில இடம் வழுக்குப் பாறையாகவும் சில இடம் முண்டும் முடிச்சுமாகவும் பிரிந்துவிடுகிறது. மழையும் காற்றும் பல ஆயிரம் வருடம் அரித்த தோற்றம். ஒவ்வோர் அடுக்கையும் சுமார் 37 பாகை திருப்பியும் வைக்கிறார். இல்லையென்றால் எல்லா அடுக்கின் கட்டமும் ஒரே திசையில் அமைந்து, சதுரக் கோடுகள் மலையில் தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. மலையின் உருவத்துக்குக் குறைவான அடுக்குகள் போதும். வெளிச்சம் போடும் கணக்குக்கு மட்டும் அதிக அடுக்குகள். கண் நிழலைப் பார்த்துத்தான் சொரசொரப்பை நம்புகிறது, உருவத்தை அல்ல. பனி? செங்குத்தாக இல்லாத, உயரமான இடத்தில் வெள்ளை. தனியாக ஓவியம் எதுவும் கிடையாது.

இசையும் இப்படித்தான். நிரலுக்குள் ஒரு குட்டி சிந்தசைசரும் சுரங்களின் பட்டியலும் இருக்கும். தொடங்கும்போதே முழுப் பாட்டையும் கணக்கிட்டு நினைவகத்தில் நிரப்பிவிட்டுப் பிறகு ஒலிக்கும். 4கே ஆட்கள் அதிகம் கையாளும் சிந்தசைசர் '4கிளாங்'. கடைசியில் 'கிரிங்க்ளர்' என்ற கருவி நிரலை இணைக்கும்போதே சுருக்கிவிடும். திறக்கும்போது அது தன்னையே நினைவகத்தில் விரித்துக்கொள்ள ஓரிரு விநாடி எடுக்கும். சொடுக்கிய கையோடு படம் வராமல் திரை கறுப்பாக நின்றால் காரணம் இந்த இரண்டு வேலைகள்தான். அவசரப்பட்டு எஸ்கேப் பொத்தானைத் தட்டாதீர்கள். 64கே இன்ட்ரோக்களில் (64 கேபிக்குள் அடங்கும் குட்டி டெமோக்கள்) உருவங்களையும் ஷேடர்களையும் (கார்டில் ஓடிப் படம் வரையும் குட்டி நிரல்கள்) தயாரிக்கவே அரை நிமிடம் போகலாம்.

இறக்குவதும் ஓட்டுவதும்

தேட வேண்டிய இடங்கள் மூன்று: 'புவே', 'டெமோசூ', 'சீன் டாட் ஆர்க்'. முதலிரண்டும் பட்டியல், மூன்றாவது கோப்புகள் இருக்கும் கிடங்கு. கமோடோர் 64-க்கு மட்டும் 'சிஎஸ்டிபி' என்று தனியாக ஒன்று. புவேயில் ஒவ்வொரு டெமோவின் பக்கத்திலும் கட்டைவிரல் மேலே, பன்றிக்குட்டி, கட்டைவிரல் கீழே என்று மூன்று வகை மதிப்பீடு இருக்கும். பன்றிக்குட்டி என்றால் 'பரவாயில்லை'. எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் கருத்துகளைப் படியுங்கள். 'என் கார்டில் கறுப்புத் திரை', 'இந்த வெர்ஷன் விண்டோஸ் 10-ல் வேலை செய்கிறது' போன்ற குறிப்புகள் அங்கேதான் கிடக்கும்.

ஒரே டெமோவுக்கு 'பார்ட்டி வெர்ஷன்', 'ஃபைனல்' என்று இரண்டு கோப்பு இருந்தால் ஃபைனலை எடுங்கள். பார்ட்டி வெர்ஷன் என்பது போட்டி நடக்கும் அரங்கில், கெடு முடிவதற்கு முன் அரைத் தூக்கத்தில் முடித்தது. அந்தப் போட்டிக் கணினியில் ஓடினால் போதும் என்று செய்தது. ஃபைனலில் பிழை திருத்தி, வேறு கார்டுகளிலும் சோதித்திருப்பார்கள். கூடவே வரும் என்எஃப்ஓ கோப்பைத் திறந்தால் எழுத்துகள் தாறுமாறாகத் தெரியலாம். அது பழைய டாஸ் எழுத்துக்குறியில் வரைந்த கோட்டோவியம். அதற்கான பார்வைக் கருவியில் திறந்தால் ஓவியமும் புரியும், எந்த மெஷினில் சோதித்தார்கள் என்பதும் தெரியும்.

விண்டோஸில் முதல் முட்டுக்கட்டை ஆன்டிவைரஸ். கிரிங்க்ளர், கேகிரஞ்சி போன்ற கருவிகளால் சுருக்கிய கோப்பு தன்னையே விரித்துக்கொண்டு ஓடுகிறது. வைரஸ் எழுதுபவர்களும் இதே உத்தியைத்தான் கையாளுகிறார்கள். அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ஆன்டிவைரஸ் கோப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடும். பல நேரம் சொல்லாமலே போட்டுவிடும். ஜிப்பை விரித்த பிறகு எக்ஸ்இ மட்டும் காணாமல் போயிருந்தால் இதுதான் சங்கதி. பாதுகாப்பையே மொத்தமாக அணைக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். டெமோக்களுக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். அந்த ஃபோல்டருக்குள் சீன் டாட் ஆர்க்கிலிருந்து இறக்கியதைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் மெஷின் என்றால் அதுவும் வேண்டாம், வேறு மெஷினில் ஓட்டுங்கள்.

அடுத்து, டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் டிஎல்எல் கோப்பு இல்லை என்ற செய்தி. 2005-லிருந்து 2010 வரையிலான டெமோக்களில் இது சகஜம். புது விண்டோஸில் புது டைரக்ட்எக்ஸ் இருந்தாலும் இந்தப் பழைய துணைக் கோப்புகள் கூட வருவதில்லை. மைக்ரோசாஃப்டின் ஜூன் 2010 டைரக்ட்எக்ஸ் எண்ட்-யூசர் ரன்டைமை ஒரு முறை நிறுவினால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். டிஎல்எல் மட்டும் தனியாக இலவசமாகத் தருகிறேன் என்று சொல்லும் தளங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

லேப்டாப்பில் இரண்டு கார்டு இருந்தால் டெமோ பெரும்பாலும் இன்டெல் பக்கம் போய் விழும்; விநாடிக்கு ஏழெட்டு ஃபிரேம் ஓடும்; டெமோ மோசம் என்று முடிவுகட்டுவீர்கள். விண்டோஸ் கிராஃபிக்ஸ் அமைப்பில் அந்த எக்ஸ்இயைச் சேர்த்து 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்று வைக்க வேண்டும். சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடினால் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் திரையின் ஒரு மூலையில் மட்டும் வந்தாலோ, ஓரம் வெட்டுப்பட்டாலோ விண்டோஸின் 125%, 150% பெரிதாக்கல்தான் குறுக்கே நிற்கிறது. கோப்பின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் ஹை டிபிஐ விஷயத்தை நிரலிடமே விட்டுவிடுங்கள்.

படம் சில விநாடி உறைந்து, திரை ஒரு முறை இருண்டு, டெமோ செத்துப்போனால்? கார்டு இரண்டு விநாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீட்டமைத்துவிடும். பலவீனமான கார்டில் கனமான ஷேடர் ஓடினால் இது நடக்கும். ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கெடுவை நீட்டிக்க முடியும், ஆனால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். தெளிவைக் குறைத்து ஓட்டுவதே மேல். 4கே இன்ட்ரோக்களில் தெளிவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்காது, பெட்டிக்கும் பைட் செலவாகும் அல்லவா? அதற்குப் பதிலாக ஒரே ஜிப்பில் 1280x720-க்கு ஒரு எக்ஸ்இ, 1920x1080-க்கு ஒரு எக்ஸ்இ என்று வைத்திருப்பார்கள். சின்னதை எடுங்கள். இன்னொன்று: என்விடியா டிரைவர் ஷேடர் இலக்கணத்தில் தாராளம், ஏஎம்டி கறார். என்விடியாவில் மட்டும் சோதித்த டெமோ ஏஎம்டியில் வெறும் கறுப்பாக நிற்பது இதனால்தான்.

256 பைட்

அளவுப் போட்டிகளில் என் மனதுக்கு நெருக்கமானது 256 பைட் வகை. யூட்டிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகிறது. ஈரடிக் குறள் வெண்பா இரண்டைத் தட்டெழுதிச் சேமித்தால் ஏறக்குறைய 256 பைட் தீர்ந்துவிடும். அந்த இடத்தில் 2020-ல் ரிவிஷன் பார்ட்டியில் டிசையர் குழுவின் ஹெல்மூட் வெளியிட்ட 'மெமரீஸ்' எட்டு வெவ்வேறு காட்சிகளையும் பின்னணி இசையையும் வைத்திருக்கிறது.

இது டாஸ் நிரல். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை ஓட்டாது, பழைய டாஸ் கணினியாக நடிக்கும் டாஸ்பாக்ஸ் வேண்டும். விண்டோஸில் காம் (.com) கோப்பை இழுத்து டாஸ்பாக்ஸ் சின்னத்தின் மேல் போட்டாலே போதும், ஓடத் தொடங்கிவிடும். முழுத் திரைக்கு ஆல்ட்டும் என்டரும். ஜிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் இருக்கும். டாஸ்பாக்ஸுக்கு என்று குறித்திருப்பதை எடுங்கள். இவ்வளவு சின்ன நிரலில் தொடங்கும்போது ரெஜிஸ்டர்களில் (பிராசசருக்குள் இருக்கும் எண் பெட்டிகள்) என்ன எண் இருக்கும் என்பதைக்கூட நம்பித்தான் எழுதுவார்கள். பூஜ்யத்தை ஏற்றும் கட்டளையை மிச்சம் பிடித்தால் இரண்டு பைட் லாபம். ஆனால் டாஸ்பாக்ஸிலும் அசல் டாஸிலும் அந்தத் தொடக்க எண்கள், இசைக்கருவியின் நிலை ஆகியவை ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

படம் நத்தை வேகத்தில் போனால் கன்ட்ரோல்-எஃப்12 தட்டி வேகத்தைக் கூட்டுங்கள், கன்ட்ரோல்-எஃப்11 குறைக்கும். சத்தமே வராவிட்டால் மெமரீஸ் இசையை மிடி வழியாக, அதாவது ஒலியாக இல்லாமல் சுரக் கட்டளைகளாக அனுப்புகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். விண்டோஸில் மிடிக்கு ஒரு சிந்தசைசர் கூடவே வருகிறது, லினக்ஸில் வராது. டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற பதிப்பில் ஃப்ளூயிட்சிந்த் என்ற சிந்தசைசர் உள்ளேயே இருக்கிறது, வாத்திய ஒலிகள் அடங்கிய ஒரு சவுண்ட்ஃபான்ட் கோப்பை மட்டும் காட்டிவிட்டால் போதும். படம் அகலமாக நசுங்கித் தெரிந்தால் ஆஸ்பெக்ட் அமைப்பை உயிர்ப்பியுங்கள்: 320x200 என்ற அந்தக் காலத் தெளிவு 4:3 திரையை நிரப்பும்படி இருந்தது, அதன் புள்ளிகள் சதுரம் அல்ல.

டாஸ் என்றவுடன் 'செகண்ட் ரியாலிட்டி' பேச்சு வந்தே தீரும். பின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ குழு செய்த இது 1993-ல் அசெம்ப்ளி பார்ட்டியில் வென்றது. இருபது வருடம் கழித்து 2013-ல் அதன் மூல நிரலையும் வெளியிட்டார்கள். டாஸ்பாக்ஸில் நன்றாகவே ஓடுகிறது. இன்றைய கண்ணுக்குச் சில பகுதிகள் நீளம். ஆனாலும் அடுத்த பகுதி எப்போது வர வேண்டும் என்பதை இசையே தீர்மானிக்கும் அந்தக் கட்டுக்கோப்பைப் பின்னால் வந்த பலர் எட்டவில்லை.

பழைய மெஷின்கள் கொஞ்சம் பிடிவாதம்

கமோடோர் 64-க்கு 'வைஸ்' என்ற எமுலேட்டர், அதாவது பழைய மெஷினாக நடிக்கும் நிரல். அதில் துல்லியமான எக்ஸ்64எஸ்சி வகையை எடுத்து, மெஷின் பிஏஎல் (ஐரோப்பிய டிவி முறை) என்று இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய மெஷினில் திரைக்கு 312 வரி, வரிக்கு 63 சைக்கிள் (பிராசசரின் ஒரு துடிப்பு); அமெரிக்க வகையில் 263 வரி, வரிக்கு 65 சைக்கிள். கோடர் (நிரல் எழுதுபவர்) ஒவ்வொரு வரியிலும் எத்தனையாவது சைக்கிளில் நிறத்தை மாற்றுவது என்று எண்ணி எழுதியிருக்கிறார். இரண்டு சைக்கிள் தவறினால் படம் கிழிந்துவிடும். டிஸ்க் டிரைவை அசலைப் போலவே பாவனை செய்யும் 'ட்ரூ டிரைவ் எமுலேஷன்' இயங்க வேண்டும். டெமோக்கள் டிரைவுக்குள் இருக்கும் இன்னொரு பிராசசருக்கே சொந்த நிரலை அனுப்பி வைக்கும், அது இல்லாவிட்டால் முதல் பகுதியோடு நின்றுவிடும். 'டிஸ்கைத் திருப்பு' என்று திரையில் வந்தால் அடுத்த டி64 கோப்பை எட்டாம் டிரைவில் மாட்டுங்கள். ஒலிக்கு இரண்டு சிப்: 6581, 8580. இரண்டிலும் ஃபில்டர் வேறு மாதிரி பேசும், இசையமைப்பாளர் எதைச் சொல்லியிருக்கிறாரோ அதைப் போடுங்கள். முதலில் ஓட்டிப் பார்க்க லினஸ் ஓகெஸனின் 'எ மைண்ட் இஸ் பார்ன்' நல்லது. 2017 ரிவிஷனில் 4கே போட்டியில் வெறும் 256 பைட்டோடு இறங்கி வென்றது.

அமிகா என்ற இன்னொரு பழைய கணினிக்கு 'வின்யுஏஇ' எமுலேட்டர். 1992 வரையிலான டெமோக்களுக்கு ஏ500 அமைப்பு: 68000 பிராசசர், 512 கேபி சிப் ரேம், அதோடு இன்னொரு 512 கேபி, கிக்ஸ்டார்ட் 1.3. பிந்தையவற்றுக்கு ஏ1200. கிக்ஸ்டார்ட் என்பது மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல், அந்த ரோமுக்கு இன்னும் காப்புரிமை உள்ளது, அமிகா ஃபாரெவர் தொகுப்பில் காசு கொடுத்து வாங்கலாம். தொடங்க ஸ்பேஸ்பால்ஸ் குழுவின் 'ஸ்டேட் ஆஃப் த ஆர்ட்'. 1992-ல் டென்மார்க்கில் 'த பார்ட்டி' என்ற பெயரில் நடந்த பார்ட்டியில் வந்தது. அசல் மனுஷியின் ஆட்டத்தை வீடியோவில் எடுத்து, உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் பலகோணமாகச் சேமித்து வைத்து ஆட விட்டார்கள்.

கமோடோர், அமிகா இரண்டுக்கும் பொதுவான ஒரு தொல்லை. பிஏஎல் மெஷின் விநாடிக்கு 50 படம் போடும். உங்கள் மானிட்டர் 60 தடவை. ஐந்து படத்துக்கு ஒரு முறை ஒரே படம் இரண்டு தடவை வரும், ஓடும் எழுத்து விக்கி விக்கிப் போகும். மானிட்டரை 50 அல்லது 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் வெண்ணெய்போல் ஓடும். இதைச் செய்யாமல் பழைய டெமோவைப் பார்த்து 'இதிலென்ன இருக்கிறது' என்று கேட்பவர்களிடம் விவாதிக்கப் பிரயோசனமில்லை.

எமுலேட்டருக்கே சவால் விட்டதும் உண்டு. 2015 ரிவிஷனில் வந்த '8088 எம்பிஎச்' 4.77 மெகாஹெர்ட்ஸ் ஐபிஎம் பிசியில் ஓடுகிறது. 16 நிறம்தான் என்று எல்லோரும் நம்பியிருந்த சிஜிஏ என்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து காம்போசிட் டிவி வழியாக 1024 நிறங்களை எடுத்தார்கள். வெளியான நேரத்தில் அதைச் சரியாக ஓட்டும் எமுலேட்டர் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் அசல் மெஷினில் எடுத்த வீடியோவை மனசார ஏற்றுக்கொள்ளலாம்.

நாலு பேருக்குக் காட்டும்போது

கல்லூரியிலோ வீட்டிலோ ஒரு மணி நேரம் காட்டுவதாக வையுங்கள். வரலாற்று வரிசையில் காட்டாதீர்கள். 1985-ல் தொடங்கினால் 1993 வருவதற்குள் பாதிப் பேர் கைபேசிக்குள் போயிருப்பார்கள். ஃபார்ப்ரவுஷ் குழுவின் 'டெப்ரி' முதலில்: 2007 பிரேக்பாயின்ட், 177 கேபி, ஏழு நிமிடம், நகரமே துண்டு துண்டாகக் கலைந்து ஆடும். அடுத்து எலிவேட்டட். பிறகு மெமரீஸ். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு ஸ்டேட் ஆஃப் த ஆர்ட்டுக்கும் கமோடோருக்கும் போங்கள்.

அளவை முன்கூட்டியே சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம். '4 கேபியாம்' என்று சொல்லிவிட்டுக் காட்டினால் எல்லோரும் குறைகளைப் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள். படமாகவே முதலில் பிடிக்கட்டும். முடிந்ததும் ஃபோல்டரைத் திறந்து கோப்பின் பிராப்பர்ட்டீஸைக் காட்டுங்கள்.

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஒலி 0.1 முதல் 0.3 விநாடி வரை பிந்தும். தாளத்துக்குத் தாளம் வெட்டும் காட்சிகள் அத்தனையும் பாழ். ஒயர் போட்டு இணையுங்கள். டிவி என்றால் கேம் மோடில் வைத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். அறையை நன்றாக இருட்டாக்குங்கள், டெமோக்காரர்களுக்குக் கறுப்பு மேல் தனி மோகம். வாட்ஸ்அப் அறிவிப்பு, ஸ்கிரீன் சேவர், விண்டோஸ் அப்டேட் மூன்றையும் நிறுத்துங்கள். காட்டப்போகும் அதே மெஷினில், அதே புரொஜெக்டரில் எல்லாவற்றையும் ஒரு முறை கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். முதல் அரை நிமிடம் ஓடியது என்று விட்டுவிடாதீர்கள், கனமான ஷேடர் நாலாவது நிமிடத்தில் காத்திருக்கும். மாற்று ஏற்பாடாக வீடியோவும் வட்டில் இருக்கட்டும். கூட்டத்தில் யாராவது திடீரென்று 'அமிகா' என்று கத்தினால் பயப்பட வேண்டாம், ஐரோப்பிய பார்ட்டிகளில் அது சடங்கு.

வீடியோ எடுத்துப் பகிர்வது

ஏற்கெனவே குழுவே ஏற்றிய வீடியோ இருந்தால் அதன் இணைப்பையும் புவே பக்கத்தையும் அனுப்புங்கள், வேறு வேலை வேண்டாம். உங்கள் சானலில் மறுபடி ஏற்றி விளம்பரக் காசு பார்ப்பது இந்த வட்டாரத்தில் கெட்ட பெயர் வாங்கித் தரும். பகிரும்போது டெமோவின் பெயர், குழு, பார்ட்டி, ஆண்டு, மெஷின் ஐந்தும் இருக்கட்டும். 'அடேங்கப்பா' என்ற தலைப்போடு பெயரில்லாமல் சுற்றும் துணுக்கு வீடியோக்களால் செய்தவர் யாரென்றே தெரியாமல் போகிறது.

வீடியோவே இல்லாத பழைய டெமோ என்றால் நீங்களே எடுக்கலாம். ஃபார்ப்ரவுஷ் குழுவின் ரிக் எழுதிய 'கேகாப்சர்' நிரலுக்குப் பொய் நேரம் சொல்லும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக அறுபதில் ஒரு பங்கு விநாடிதான் ஓடியது என்று டெமோவை நம்பவைப்பதால், உங்கள் மெஷினில் விநாடிக்கு ஐந்து ஃபிரேம் வந்தாலும் வீடியோவில் அறுபதும் சிந்தாமல் வரும். வேகமான கார்டு இருந்தால் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் போதும். பிட்ரேட்டைக் கட்டிப்போடாமல், தரத்தை நிலையாக வைக்கும் சிக்யூபி அமைப்பை 16 சுற்றில் வைத்து, ஏற்றும் கோப்பைப் பெரிதாகவே விடுங்கள். 1440பி ஆகப் பெரிதாக்கி ஏற்றினால் யூடியூப் கூடுதல் பிட்ரேட் ஒதுக்கும், துகள் காட்சிகள் கொஞ்சம் பிழைக்கும்.

பழைய மெஷின் படத்தை அப்படியே ஏற்றக் கூடாது. வீடியோ சுருக்கம் நிறத்தைப் பாதித் தெளிவில்தான் வைத்துக்கொள்ளும். ஒரு புள்ளி அகலமுள்ள சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலங்கிவிடும். வழவழப்பாக்காமல் முழு எண் மடங்கில் பெரிதாக்குங்கள். 320x200 படத்துக்குக் கச்சிதமான கணக்கு: அகலம் ஐந்து மடங்கு, உயரம் ஆறு மடங்கு. 1600x1200 கிடைக்கும், 4:3 விகிதமும் தானாக அமைந்துவிடும். பிஏஎல் மெஷினிலிருந்து எடுத்தது விநாடிக்கு 50 ஃபிரேமாகவே இருக்கட்டும், 60 ஆக்காதீர்கள். யூடியூப் 50-ஐ ஏற்றுக்கொள்கிறது.

எதையும் நிறுவ முடியாத மெஷின் என்றால் உலாவியிலேயே 'ஷேடர்டாய்' இருக்கிறது. 2013-ல் இனிகோ கீலெஸும் போல் ஹெரெமியாஸும் தொடங்கியது. ஷேடர் நிரல் பக்கத்திலேயே தெரியும், ஓர் எண்ணை மாற்றி ஓட்டினால் காட்சி மாறும். கைபேசியில் ஓட்டினால் சிலவற்றில் மணலுக்குப் பதிலாகக் கோடு கோடாகத் தெரியும். சைன் சார்பிலிருந்து தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களைக் கிள்ளி எடுத்துத் தாறுமாறு எண் தயாரிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கைபேசிச் சிப்பில் தசமத் துல்லியம் குறைவு, கிள்ளி எடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. பல மணி நேரம் ஓட விட்டாலும் இதே கதிதான், நேர எண் பெருகப் பெருகத் தசமம் தேய்ந்து அசைவு வெட்டி வெட்டி வரும். மறுதொடக்கப் பொத்தானைத் தட்டினால் சரியாகும்.

நேரலையில் பார்க்க ஈஸ்டர் வார இறுதியில் ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில் நடக்கும் ரிவிஷன். 2011-லிருந்து நடக்கிறது, பிரேக்பாயின்ட் 2010-ல் முடிந்த இடத்தைப் பிடித்தது. போட்டிகள் இணையத்தில் ஒளிபரப்பாகும். ஐரோப்பியக் கோடை நேரப்படி அங்கே இரவு எட்டு என்றால் சென்னையில் பதினொன்றரை. பெரிய போட்டிகள் அதற்கும் பிந்தித்தான் வரும். சாயங்காலமே ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். நேரம் இருந்தால் 'ஷேடர் ஷோடவுன்' பகுதியைத் தவறவிடாதீர்கள்: இரண்டு கோடர்கள், 25 நிமிடம், வெற்றுத் திரை, டிஜே இசை. எழுதும் நிரலும் அது வரையும் படமும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரையில் ஓடும். அவர்கள் கையாளும் 'பான்சோமேட்டிக்' இலவசம்தான். எஃப்5 தட்டினால் மறுபடி ஓட்டும், எஃப்11 நிரலை மறைத்துப் படத்தை மட்டும் காட்டும்.